திறப்பு யாருடைய கையில்?

கடந்த மாதம் இலண்டனிலிருந்து விடுமுறையில் வந்திருந்த என் தமக்கையின் மகனுக்கும் எனக்கும் ஒரு வாக்குவாதம் மூண்டது. வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஓர் ஒழுங்கையில், மாலைத் தேநீரோடு ஆரம்பித்த பேச்சு இரவுச் சாப்பாடு ஆறிப்போகும்வரை நீண்டது. பொருள் அரசியலுமன்று, குடும்பச் சொத்துமன்று. இரண்டு மோட்டார் கார்கள்.

இரண்டும் எம்.ஜி. கார்கள். எம்.ஜி. என்றதும் நம்மவர்களுக்கு நினைவில் வருபவர் கண்டிச் சீமையில் பிறந்து தமிழகத்தை ஆண்ட மக்கள் திலகம்தான். நான் சொல்வது பின்னால் 'ஆர்' இல்லாத எம்.ஜி. ஒக்ஸ்போர்ட் நகரிலிருந்த மொறிஸ் கராஜஸ் என்ற நிறுவனத்தின் முதலெழுத்துகள் அவை. 1920களில் அதன் முகாமையாளராயிருந்த செசில் கிம்பர், சாதாரண மொறிஸ் கார்களின் அடிச்சட்டத்தின்மீது அழகிய உடலைப் பொருத்தி விற்கத் தொடங்கினார். அதிலிருந்து பிறந்ததுதான் பிரித்தானியாவின் பெயர்பெற்ற இந்த ஸ்போர்ட்ஸ் கார் வம்சம்.

வாதத்தில் முதலாவது கார் 1949ஆம் ஆண்டின் இறுதி முதல் 1953 வரை அபிங்டன் தொழிற்சாலையில் செய்யப்பட்ட எம்.ஜி. ரீ.டி. மொத்தம் ஏறத்தாழ 30,000 கார்கள். அவற்றில் மிகப் பெரும்பகுதி அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. சிறுபகுதி நம் நாட்டுக்கும் வந்தது. இரண்டாவது, 2023இல் சாங்காய் மோட்டார் கண்காட்சியில் அறிமுகமாகி, 2024இல் பிரித்தானியாவிலும் 2025இல் இந்தியாவிலும் விற்பனைக்கு வந்த எம்.ஜி. சைபர்ஸ்டர். அதே எண்கோண இலச்சினை. ஆனால் உரிமையாளர் இப்போது சீனத்தின் எஸ்.ஏ.ஐ.சி. நிறுவனம். பெற்றோல் இல்லை, முழுக்க முழுக்க மின்சாரம்.

மருமகன் கணக்கோடுதான் வந்திருந்தார். பழையதன் எஞ்சின் 1250 கன சென்ரிமீற்றர், வலு ஏறத்தாழ 55 குதிரை. புதியதன் உயர்ந்த வகைக்குச் சுமார் 500 குதிரை. பழையது மணிக்கு 60 மைல் வேகத்தை எட்டச் சுமார் 20 வினாடி பிடிக்கும். புதியது 100 கிலோமீற்றர் வேகத்தை 3.2 வினாடியில் எட்டும்.

"மாமா, உங்கடை எம்.ஜி. வேகம் பிடிக்கிறதுக்கிடையிலை இது தெகிவளைக்குப் போய்த் திரும்பி வந்திடும். பழைய இரும்புக்குப் பூமாலை போடுறது எங்கடை ஆக்களின்ரை ஒரு வருத்தம்" என்றார்.

அந்தக் கடைசி வசனத்திற்காகவே இதை எழுதுகிறேன். ஏனெனில் அதில் பாதி உண்மை. மற்றப் பாதி, இந்த நாட்டையும் நம்மைப் போன்ற நாடுகளையும் ஏமாற்றிக்கொண்டிருக்கின்ற பெரும் பொய்.

உண்மையான பாதியை முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பழைய கார்தான் கார், இன்றையது விளையாட்டுச் சாமான் என்று புலம்புகிற கூட்டத்தில் நான் இல்லை. ரீ.டி. காரில் இருக்கைப் பட்டி கிடையாது. இன்று நாம் கட்டுகின்ற மும்முனைப் பட்டியை வொல்வோ நிறுவனத்தின் நீல்ஸ் போலின் வடிவமைத்ததே 1959இல்தான். காற்றுப்பை கிடையாது. நான்கு சில்லுகளுக்கும் பழைய ட்ரம் பிரேக். மழையில் சகதியில் அதை நம்பி இறங்குகிறவன் குலதெய்வத்தையும் சேர்த்து நம்ப வேண்டும். விபத்து நேர்ந்தால் ஸ்டியரிங் தண்டு ஓட்டுநரின் நெஞ்சை நோக்கியே நிற்கும். அந்தக் கார் கக்குகிற புகை பின்னால் வருகின்ற முச்சக்கர வண்டிக்காரரின் சுவாசப்பைக்குள் போகும். இவற்றையெல்லாம் 'பழைமையின் அழகு' என்று வருணிப்பவர் தம் பேரப்பிள்ளையை அதில் பாடசாலைக்கு அனுப்பட்டும், பிறகு பேசலாம்.

இன்னொன்றும் உண்டு. பழைமை பாடுவதிலும் ஒரு வர்க்க வாசனை இருக்கிறது. 1952இல் கொழும்பில் எம்.ஜி. கார் வைத்திருந்தவர் யார்? தோட்டத்துரை, நியாயவாதி, வைத்தியர். என் தந்தையார் எழுதுவினைஞராய் கோட்டைக்குப் போய்வந்தது றெயிலில். அந்தக் காரின் பொற்காலம் எல்லோருடைய பொற்காலமும் அன்று.

மேலும், இந்தப் புலம்பலே புதிதன்று. ரீ.டி. வெளிவந்தபோது அதற்கு முந்திய ரீ.சி. காரின் பக்தர்கள் முகஞ்சுளித்தார்கள். ரீ.சி.க்கு உயரமான கம்பிச் சில்லுகள் இருந்தன, ரீ.டி.க்கு வந்ததோ சிறிய தகட்டுச் சில்லு. முன்புறத்தில் சில்லுக்குச் சில்லு தனித்தனித் தொங்கமைப்பு வேறு. சொகுசு கூடிவிட்டது, இது உண்மையான எம்.ஜி. அன்று என்றார்கள். 1955இல் எம்.ஜி.ஏ. வந்தபோது ரீ வரிசைக்காரர் புலம்பினர். இன்று பூமாலை வாங்குகின்ற ரீ.டி.யே ஒருகாலத்தில் தூற்றப்பட்ட நவீனம்தான். ஆகவே பழையது, புதியது என்பது என் வழக்கன்று.

அப்படியானால் என் வழக்கு எது? அதைச் சொல்ல ஒரு கதையைச் சொல்லியாக வேண்டும்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு டாக்குத்தர் மாமா இருந்தார். அவரிடம் சிவப்பு நிற ரீ.டி. ஒன்று இருந்தது. அதன் இலக்கத் தகட்டில் ஆங்கில எழுத்துகள். இளைய வாசகர்களுக்கு இது விளங்காமல் இருக்கலாம். 1957 ஜனவரிக்கு முன் இந்நாட்டில் பதிவான வாகனங்களுக்கு ஆங்கில எழுத்துகள். அதன் பின் பதிவானவற்றுக்குச் சிங்கள 'ஸ்ரீ'. அந்த ஓர் எழுத்துக்கு எதிராகத் தமிழர் தார்வாளியும் தூரிகையும் தூக்கினார்கள். 1958 ஏப்ரலில் பண்டா - செல்வா ஒப்பந்தம் கிழித்தெறியப்படுவதற்கு முந்திய கிழமைகளில் கொதித்துக்கொண்டிருந்தது இந்த எழுத்துப் பிரச்சினைதான். பழைய கார் ஒன்றின் இலக்கத் தகட்டைப் பார்த்தே அது எந்தக் கோட்டுக்கு அப்பால் வந்தது, இப்பால் வந்தது என்று சொல்லிவிடலாம். டாக்குத்தர் மாமாவின் கார் கோட்டுக்கு அப்பால் வந்தது. அதில் அவருக்கு ஓர் இரகசியப் பெருமை.

1983 ஜூலை 25ஆம் திகதி அந்தக் கார் எரிந்தது. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அவர் வீட்டுக் கொட்டகையிலிருந்து அதை ஒழுங்கைக்குத் தள்ளி வந்து, அதன் தாங்கியிலிருந்த பெற்றோலையே எடுத்து அதற்கு ஊற்றினார்கள். பக்கத்துச் சிங்கள வீட்டின் மாடிச் சன்னலிலிருந்து அதைப் பார்த்தேன். மரச்சட்டத்தின்மேல் தகடு அடித்த உடல் அது. ஆகையால் பந்தம்போல எரிந்தது. நாங்கள் பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி முகாமுக்குப் போனோம். டாக்குத்தர் மாமா அடுத்த ஆண்டு கனடாவுக்குப் போனார். போவதற்கு முன் கருகிய அடிச்சட்டத்தையும் எஞ்சினையும் லொறியில் ஏற்றி, கொட்டாஞ்சேனையில் புனித லூசியாள் பேராலயத்தின் மணியோசை கேட்கின்ற தூரத்திலிருந்த ஒரு கராஜில் இறக்கினார். அங்கிருந்த பாஸ்தான் இருபது வருடமாய் அந்தக் காரைப் பார்த்துவந்தவர்.

"பாஸ், இதைப் பழைய இரும்புக்குக் குடுத்திடாதையும். ஏலுமெண்டால் எழுப்பும்" என்று சொன்னாராம்.

பாஸ் எழுப்பினார். ஒன்பது ஆண்டுகள் பிடித்தன. இங்கிலாந்தில் அந்தச் சட்டத்துக்கு இட்டிருந்தது ஆஷ் மரம்; நம் தச்சர் தேக்கில் அதே அளவில் செதுக்கிக் கொடுத்தார். நெருப்பில் வளைந்த அடிச்சட்டத்தை நூல் கட்டிப் பார்த்து நிமிர்த்தினார்கள். தகட்டு வேலை முழுவதும் சுத்தியலாலும் மணல் மூட்டையாலும். எஞ்சின் பாகங்களுக்கு இங்கிலாந்துக்கு எழுத டொலரும் இல்லை, பவுணும் இல்லை. ஆனால் பாஸுக்கு ஒரு சங்கதி தெரிந்திருந்தது. 1950களில் வந்த வூல்ஸ்லி 4/44 என்ற குடும்பக் காருக்கும் இதே எஞ்சினின் வலுக்குறைந்த வடிவம்தான். பஞ்சிகாவத்தையில் உடைக்க வந்திருந்த ஒரு வூல்ஸ்லியைத் தேடிப் பிடித்தார். உருகிப்போன இரட்டை எஸ்.யு. கார்புரேற்றர்களுக்குப் பதிலாக இரண்டு மொறிஸ் மைனர் கார்களிலிருந்து இரண்டைக் கழற்றி வந்தார். கொழும்பில் அன்று மொறிஸ் மைனருக்கா பஞ்சம்! அவற்றைச் சமப்படுத்தியது ஓர் இறப்பர்க் குழாயால்: ஒரு முனை கார்புரேற்றரின் வாயில், மறுமுனை பாஸின் காதில். இரண்டும் ஒரே சுருதியில் சீறும்வரை திருகாணியைத் திருப்பிக்கொண்டேயிருந்தார்.

2002இல் போர்நிறுத்தம் வந்தபின் அடுத்த ஆண்டு டாக்குத்தர் மாமா கொழும்புக்கு வந்தார். அந்தக் காரில் அமர்ந்தார். திறப்பைத் திருப்பி, கைப்பிடியை இழுத்தார். இரண்டாவது இழுவையில் எஞ்சின் பேசியது. காலிமுகத்திடல்வரை ஓட்டிப்போய்த் திரும்பினார். வழியில் அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. கார் பாஸின் குடும்பத்துக்கே என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் இன்று இல்லை. கார் இருக்கிறது.

இது ஒருபுறமிருக்க, இனி என் சொந்தக் கதை.

2016இல் நான் ஒரு பாவித்த ஹைபிரிட் கார் வாங்கினேன். எந்த நிறுவனத்தின் கார் என்பது இங்கு வேண்டாம். இந்த நோய் ஒரு நிறுவனத்துக்கு மட்டும் உரியதன்று. நல்ல கார். மழைக்கு ஒழுகாது, எரிபொருள் அதிகம் குடிக்காது. 2020 மார்ச்சில் அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. டொலர் தட்டுப்பாடு இறுகியது. அடுத்த ஆண்டு இறுதியில் ஒருநாள் காலையில் என் கார் சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டுப் படுத்துக்கொண்டது.

உத்தியோகபூர்வ இடத்தில் கேட்டால், ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி பழுது, புதிது வரவேண்டும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்றார்கள். கொட்டாஞ்சேனைக்கு இழுத்துக்கொண்டு போனேன். பெரிய பாஸுக்குக் கண் மங்கிவிட்டது. இப்போது கராஜ் மகன் கையில். சின்ன பாஸ் மடிக்கணினியை இணைத்துப் பார்த்து ஒரு மணித்தியாலத்தில் பழுதைக் கண்டுபிடித்தார். தந்தையைப் போலவே பஞ்சிகாவத்தைக்குப் போனார். விபத்தில் நசுங்கிய அதே வகைக் காரிலிருந்து அதே பெட்டியை வாங்கி வந்தார். பொருத்தினார். கார் ஏற்கவில்லை.

"பெட்டி நல்லாத்தான் இருக்கு சேர். ஆனா இதை அந்தப் பழைய காரோட கலியாணம் கட்டி வச்சிருக்கானுங்க. விவாகரத்துப் பத்திரம் கொம்பனிதான் குடுக்கணும்" என்றார் சின்ன பாஸ்.

அந்தப் பத்திரம், அதாவது சில இலக்கங்கள் கொண்ட ஒரு குறியீடு, வந்து சேர ஐந்து மாதங்கள் சென்றன. ஐந்து மாதமும் என் கார் ஒழுங்கையில் கிடந்தது. வரிகட்டி, காப்புறுதி கட்டி, பதிவுப் புத்தகத்தில் என் பெயர் பொறித்து, திறப்பை என் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நான் நடந்தேன்.

வாசகர்கள் இரண்டு கதைகளையும் ஒன்றன்பக்கத்தில் ஒன்றாய் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரே குடும்பம், ஒரே கராஜ், ஒரே பஞ்சிகாவத்தை. தந்தையை விட மகன் திறமையில் குறைந்தவர் அல்லர். அவர் ஹைபிரிட் பற்றறியைத் திறந்து, செத்த கலங்களை மட்டும் மாற்றி மூடுவதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். மின்சாரம் அவருக்குப் புதிராகவில்லை. கணினியும் புதிராகவில்லை. தந்தையை நெருப்பு தடுக்கவில்லை. மகனை ஒரு பூட்டு தடுத்தது. அந்தப் பூட்டு இயற்கையானதன்று, விஞ்ஞானத்தின் தேவையுமன்று. அங்கே வேண்டுமென்றே வைக்கப்பட்டது.

இதுதான் என் வழக்கு. பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கும் புதியதற்கும் இடையிலுள்ள உண்மையான வேறுபாடு வேகமன்று. வேகத்தை என்ன செய்யப்போகிறோம்? வெள்ளவத்தைச் சந்தைக்கு முன்னால் பின்னேரம் ஐந்து மணிக்கு 500 குதிரையும் ஒன்றுதான், ஒரு கழுதையும் ஒன்றுதான். 2011இல் திறந்த தெற்கு அதிவேகப் பாதையில்கூட எல்லை 100 கிலோமீற்றர். அதை 3.2 வினாடியில் தொட்டுவிட்டு மீதிப் பயணம் முழுவதும் சும்மா இருக்க வேண்டியதுதான். வேறுபாடு உடைமையில் இருக்கிறது. பழைய காரை வாங்கியவன் அதன் உடையவன். புதியதை வாங்கியவன் பெரும்பாலும் முன்பணம் முழுவதையும் கட்டிவிட்ட வாடகைக்குடி.

மிகைப்படுத்துகிறேன் என்று நினைப்பவர்களுக்குச் சில செய்திகள். 2022இல் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் சில நாடுகளில், காரில் ஏற்கனவே பொருத்தப்பட்டிருந்த இருக்கைச் சூடேற்றியைப் பயன்படுத்த மாதச் சந்தா கேட்டது. உலகம் சிரித்தது, அடுத்த ஆண்டு அதைக் கைவிட்டது. அதே 2022இல் மெர்சிடிஸ் நிறுவனம், சில மின்சாரக் கார்களின் முடுக்கத்தைக் கூட்டுவதற்கு அமெரிக்காவில் ஆண்டொன்றுக்கு 1,200 டொலர் என அறிவித்தது. மோட்டார் அதே மோட்டார்தான். பணம் வந்தால் கட்டவிழ்ப்பார்களாம். 2024 ஜூனில் அமெரிக்காவின் ஃபிஸ்கர் மின்கார் நிறுவனம் வங்குரோத்து அடைந்தது. அதன் கார்களை வாங்கியவர்கள், மென்பொருளுக்கும் உதிரிப்பாகத்துக்கும் தாங்களே சங்கம் அமைத்து அலைய வேண்டியதாயிற்று. கார் வாங்கி ஓரிரு ஆண்டுகூட ஆகாதவர்கள் அவர்கள்.

இதற்கு எதிரே பழைய எம்.ஜி.யின் சரித்திரத்தை வையுங்கள். அந்த நிறுவனம் ஒன்றுக்கு இரண்டு முறை செத்தது. 1980இல் அபிங்டன் தொழிற்சாலை மூடப்பட்டது. 2005 ஏப்ரலில் எம்.ஜி. ரோவர் நிறுவனமே சரிந்தது. அதன் எச்சங்களைச் சீனர்கள் வாங்கினார்கள். கார்கள் சாகவில்லை. 1962 முதல் 1980 வரை ஐந்து இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்ட எம்.ஜி.பி. என்ற மாதிரிக்கு, 1988 முதல் பழைய அச்சுகளைக் கொண்டே முழுப் புதிய உடற்கூட்டைச் செய்து விற்கிறது பிரித்தானியாவின் ஒரு நிறுவனம். செய்தவன் செத்தபின்னும் செய்பொருள் வாழ்கிறது. காரணம் எளிது. அதைத் திருத்துவதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

புதுமையும் திருத்தும் வசதியும் ஒன்றுக்கொன்று பகை என்று எவரும் சொல்ல வேண்டாம். 1989இல் யப்பானின் மஸ்டா நிறுவனம் எம்.எக்ஸ்-5 என்ற இரட்டை இருக்கைக் காரைக் கொண்டுவந்தது. பழைய பிரித்தானிய ஸ்போர்ட்ஸ் கார்களின் எளிமையையும் எடைக்குறைவையும் படித்து, அவற்றின் ஒழுகலையும் மின்கோளாறையும் விலக்கிச் செய்த கார் அது. ஒரு தொன்னுக்கும் குறைந்த எடை. 2016இல் பத்து இலட்சமாவது கார் வெளிவந்தது. 2017இல், முதல் தலைமுறைக் கார்களைத் தானே புதுப்பித்துத் தருவதாகவும் அவற்றுக்குப் பாகங்களை மீண்டும் செய்வதாகவும் மஸ்டா அறிவித்தது. மனம் இருந்தால் வழி இருக்கிறது. மனம் எங்கேயிருக்கிறது என்பதுதான் கேள்வி.

இங்கே மருமகன் குறுக்கிட்டார். நியாயமான குறுக்கீடு.

"மாமா, அந்தப் பூட்டு கள்ளருக்காகத்தானே? ஆரும் ஒரு காரைக் களவெடுத்துப் பாகம் பாகமா விற்கக் கூடாதெண்டுதான் அப்பிடிச் செய்யினம். மற்றது, அது 77 கிலோவாற் மணிப் பற்றறி. தெரியாதவன் கை வைச்சால் ஆள் முடிஞ்சுது."

இரண்டுக்கும் பதில் உண்டு. கள்ளனுக்குப் பூட்டுப் போடுங்கள். ஆனால் திறப்பை வீட்டுக்காரனிடம் கொடுங்கள். பதிவுப் புத்தகத்தையும் அடையாள அட்டையையும் காட்டுகிற உடையவனுக்கு அந்தக் குறியீட்டை அன்றைக்கே தருவதில் என்ன தடை? உயர் மின்னழுத்தம் ஆபத்தானது, உண்மை. ஆபத்தான தொழிலுக்குப் பயிற்சியும் அனுமதிப் பத்திரமும் வையுங்கள். வீட்டு மின்னிணைப்பாளருக்கு அப்படித்தானே செய்கிறோம்? ஆபத்து என்பதற்காக மின்சாரசபை ஊழியரைத் தவிர எவரும் வீட்டில் ஒரு பல்பு மாற்றக் கூடாது என்று எந்த நாடாவது சொல்லியிருக்கிறதா?

உலகம் இதைச் சிந்திக்கத் தொடங்கிவிட்டது. அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் மாநில மக்கள் 2012இல் வாக்களித்து ஒரு சட்டத்தை ஆதரித்தார்கள்: முகவர் நிலையத்துக்குக் கொடுக்கின்ற பழுதறியும் தகவலை, வெளியிலுள்ள கராஜுக்கும் கார் நிறுவனம் கொடுக்க வேண்டும். 2020இல் மீண்டும் வாக்களித்து, கம்பியில்லாமல் நிறுவனத்துக்குப் போகின்ற தரவுகளையும் அதில் சேர்த்தார்கள். நிறுவனங்கள் நீதிமன்றத்துக்கு ஓடின; மக்கள் சலிக்கவில்லை. இந்திய அரசாங்கம் 2022இல் திருத்தும் உரிமைக்கென ஒரு குழுவை அமைத்து, அதன் நான்கு துறைகளில் மோட்டார் வாகனத்தையும் ஒன்றாய் வைத்தது. பணமும் தொழிற்சாலையும் உள்ள நாடுகளே இதற்குப் போராடுகின்றன என்றால், ஒரு திருகாணியும் இறக்குமதியாய் வருகின்ற நாம் எவ்வளவு போராட வேண்டும்!

நமக்கு இது ஆடம்பரக்காரரின் பொழுதுபோக்குப் பிரச்சினை அன்று. 2020 முதல் 2025 பெப்ரவரி வரை ஏறத்தாழ ஐந்தாண்டுகள் இந்த நாட்டுக்குத் தனியார் கார்கள் இறக்குமதியாகவில்லை. 2022இல் ஒரு காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்று கியூஆர் அட்டையில் அளந்து ஊற்றினார்கள். அதே ஆண்டு மார்ச் இறுதியில் ஒருநாளைக்குப் 13 மணித்தியாலம் மின்வெட்டு. ஆகவே மின்சாரக் கார்க்காரரும் சிரிப்பதற்கில்லை. அந்த ஐந்தாண்டும் அம்புலன்ஸ் ஓடியது, பாடசாலை வான் ஓடியது, மரக்கறி லொறி தம்புள்ளையிலிருந்து வந்தது. யாரால்? அமைச்சரவையாலா? கொட்டாஞ்சேனையிலும் பஞ்சிகாவத்தையிலும் கிரீஸ் படிந்த கைகளால். அந்தக் கைகளுக்கு இந்த நாடு நன்றி சொன்னதாய் எனக்கு நினைவில்லை. இப்போது இறக்குமதியைத் திறந்துவிட்டு, அந்தக் கைகள் தொட முடியாத வாகனங்களை வரிசையாய் இறக்கிக்கொண்டிருக்கிறோம். அடுத்த நெருக்கடி வராது என்று யாராவது எழுதித் தருவார்களா?

சுங்கத் தீர்வை, உற்பத்தி வரி, சொகுசு வரி, அதன்மேல் 18 சதவீதப் பெறுமதி சேர் வரி என்று ஒரு காருக்கு நாலுபக்கமும் கைநீட்டுகிற அரசாங்கம், அதே கையால் ஒரு நிபந்தனையையும் எழுதட்டும். இங்கே விற்கப்படுகின்ற ஒவ்வொரு வாகனத்துக்கும் பழுதறியும் தகவலை நியாயமான விலையில் எந்தப் பதிவுபெற்ற கராஜுக்கும் தரவேண்டும். உதிரிப்பாகமும் மென்பொருளும் குறைந்தது 15 ஆண்டுகளுக்குத் தரவேண்டும். உடையவன் கேட்டால் பாவித்த பாகத்துக்குரிய குறியீட்டை ஏழு நாட்களுக்குள் தரவேண்டும். தர மறுப்பவரின் வாகனத்துக்குத் துறைமுகத்தில் இடமில்லை. இதற்கு ஒரு டொலரும் செலவில்லை, முதுகெலும்புதான் வேண்டும்.

மறுநாள் மருமகனைக் கொட்டாஞ்சேனைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எரிந்து எழும்பிய ரீ.டி.யைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். மரச்சட்டத்தைத் தட்டிப் பார்த்தார். கட்சி மாறினார் என்று சொல்லமாட்டேன். இலண்டனில் தமது அடுத்த கார் மின்சாரக் கார்தான் என்பதில் அவர் உறுதியாகவே இருக்கிறார். நானும் அதைத் தடுக்கவில்லை. ஆனால் சின்ன பாஸோடு ஒரு மணித்தியாலம் பற்றறிக் கலங்களைப் பற்றிப் பேசியவர், திரும்பி வரும்போது காருக்குள் மௌனமாயிருந்து, பிறகு கேட்டார்.

"மாமா, நான் வாங்கப்போற காரை இவையளிட்டை விட்டால் திருத்த விடுவினமோ?"

"அதைத்தான் தம்பி, காசு கட்டுறதுக்கு முதல் அங்கை கேளும்" என்றேன்.

உங்களிடமும் அதையே சொல்கிறேன். ரொறன்ரோவோ, மெல்பேணோ, சென்னையோ, யாழ்ப்பாணமோ, அடுத்த முறை ஒரு கார்க் காட்சியறைக்குள் நுழையும்போது எத்தனை வினாடியில் ஓடும் என்று கேட்காதீர்கள். மூன்றே கேள்விகள். என் ஊர்க் கராஜ்காரர் இதைத் திருத்தலாமா? உங்கள் நிறுவனம் மூடப்பட்டால் இது ஓடுமா? விலையைக் கட்டிமுடித்தபின் இதில் எதற்காவது இன்னும் உங்களிடம் அனுமதி கேட்க வேண்டுமா? விற்பனையாளர் பதில் சொல்லாமல் சிரித்தால், கையில் எடுத்த திறப்பை மேசையில் வைத்துவிட்டு எழுந்து வாருங்கள். அது உங்களுடைய திறப்பு அன்று.